மடி இணைப்பு

பூங்கோதைக்கு முன்னால் வரிசையில் இன்னும் பதினோரு பேர் நின்றார்கள். நடுவில் விமானம் மாறி, பதினாறு மணி நேரம் உட்கார்ந்தே வந்ததில் கால் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்துபோயிருந்தது. சல்மேரா துறைமுக நகரத்துக்கு விசாவும் கிடையாது, முத்திரையும் கிடையாது; இறங்கியதும் கையில் ஒரு இணைப்புப் பட்டையைக் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான் என்று அறந்தாங்கியில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். சட்டையில் தர்சினி என்று பெயர் குத்தியிருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். யாழ்ப்பாணப் பேச்சு.

“ஆறு நாள் டேட்டா பேக், அக்கா. பன்னிரண்டு ஜிபி. இதைக் கழட்டாதேங்கோ. குளிக்கேக்கையும் கழட்டாதேங்கோ. இந்தப் பட்டையில நெட் இருக்கிற வரைக்கும்தான் நீங்கள் இஞ்ச இருக்கிறீங்கள். பஸ், கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல் ரூம் கதவு எல்லாம் இதைப் பார்த்துத்தான் திறக்கும்.”

“நெட் போயிட்டா?”

“ஆறு மணித்தியாலம் தொடர்ந்து போச்செண்டால், நீங்கள் நாட்டை விட்டு வெளியேறிட்டீங்கள் எண்டு மெஷின் எழுதிப்போடும்.”

“நான் இங்கயே நின்னுக்கிட்டு இருந்தாக்கூடவா?”

“நிண்டாலும்தான்.” தர்சினி குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்டு. இது கேட்டுக்கொண்டும் இருக்கும். பார்த்துக் கதையுங்கோ.”

பூங்கோதை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் நிறப் பட்டையில் ஒரு பச்சைப் பொட்டு எரிந்தது.

அவள் கைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. வீரபத்திரன், வயது நாற்பத்தெட்டு, குளிர்கிடங்கு மெக்கானிக், சல்மேராவை விட்டு வெளியேறினார் என்று பதினான்கு மாதத்துக்கு முந்தைய தேதி போட்டுக் கம்பெனி அனுப்பிய ஒற்றை வரிக் கடிதம். வெளியேறியவன் வீடு வந்து சேரவில்லை. போனும் இல்லை. யாரோ ஒருத்தியோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி மூன்று தீபாவளிக்கு வராத புருஷனைப் பற்றி அதை நம்புவது பூங்கோதைக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அவள் அழவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. மருந்துக்கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வந்து சோறு வடித்தாள். மகள் நிலவரசி அப்பாவைப் பற்றிக் கேட்டால், “தெரியலைடி” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது வந்ததும் தேடுவதற்காக இல்லை. நர்சிங் கல்லூரியில் நிலவரசிக்கு இடம் கிடைத்திருந்தது. தகப்பன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் அவர் எங்கே என்று தெரியாது என்பதற்குக் கம்பெனி முத்திரையோடு அசல் கடிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக்கு ஒன்பது முறை எழுதிப் பார்த்தாள். பிறகுதான் டிக்கெட் போட்டாள்.

மறுநாள் கம்பெனி அலுவலகத்தில் பத்தே நிமிடத்தில் கடிதம் கிடைத்தது. ஒன்பது முறை எழுதியும் வராத கடிதம். வாசலில் காவலாளியிடம் சும்மா ஒரு வார்த்தைக்குப் புருஷன் படத்தைக் காட்டிவிட்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வாசலில் அந்தப் படத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவன், மீன் வாடையடிக்கும் சட்டையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமலேயே மடித்த காகிதம் ஒன்றைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் பெயர் காசிராஜன் என்று பிறகு தெரிந்தது. காகிதத்தில் தமிழில் எழுதியிருந்தது: ‘ஏழாவது பிளாக், சமையல்கட்டு. பின்பக்கமா வாங்க. வாயைத் திறக்காதீங்க.’

தொழிலாளர் குடியிருப்பின் ஏழாவது பிளாக்கில் பின்கதவு உடைந்து கயிற்றில் கட்டியிருந்தது. சல்மேராவில் பட்டையைக் கேட்காமல் திறந்த ஒரே கதவு அதுதான். உள்ளே வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஆள் தலையைத் தூக்கினான். தாடி முழுக்க நரைத்திருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய், அரிசி மூட்டைக்குள் முழங்கை வரை புதைத்துவிட்டான்.

“அரிசிக்குள்ள நெட் வரும், பேச்சுதான் அதுக்குக் கேட்காது. இப்பப் பேசு, கோதை” என்றான் வீரபத்திரன்.

அரிசி விரல்களுக்கு இடையில் குளிர்ந்து கிடந்தது.

“ஓடிட்டீங்கன்னு சொன்னாங்க” என்றாள் கடைசியில்.

“எங்க ஓடுறது? இந்த பிளாக்கைத் தாண்டி ரோட்டுக்குப் போனா ஒரு கதவு திறக்காது.” அவன் எதிரே உட்கார்ந்துகொண்டான். “குளிர்ரூம்ல கம்ப்ரசர் பார்க்கப் போனேன். கதவு இறுகிப் பூட்டிக்கிச்சு. நாலு பக்கமும் இரும்பு, நெட் வராது. ஏழு மணி நேரம் உள்ள கிடந்தேன். வெளியே தூக்கிட்டு வந்தப்ப உயிர் பொழைச்சுட்டேன்னு சந்தோஷப்பட்டேன் பாரு, பட்டை செத்துப்போச்சு. நான் வெளியேறிட்டேனாம்.”

“நான் இங்கதானே இருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“யாருகிட்ட? சூப்பர்வைசர் ஸ்கிரீனைக் காட்டுறான், நீ இல்லைங்கிறான். ஆஸ்பத்திரிக் கதவு திறக்கலை. சரி, போலீஸாச்சும் பிடிச்சு ஊருக்கு அனுப்பட்டும்னு ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தக் கதவும் பட்டையைத்தான் பார்க்குது. ரெண்டு நாள் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர்றவன் போறவன் எல்லாம் என்னைச் சுத்திக்கிட்டுப் போனான்.”

“வேற யாரு போன்லயாவது…”

“அடுத்தவன் பட்டையில என் குரல் கேட்டா அவன் பட்டையும் செத்துப்போகும். என் பேரை எழுதி அனுப்பினாக்கூட அனுப்புனவன் மாட்டுவான். இங்க எல்லாருக்கும் குடும்பம் இருக்கு, கோதை. சோறு போடுறாங்களே, அதுவே பெருசு. நான் சமைக்கிறேன், அவங்க போடுறாங்க.” வெங்காயத் தோலைக் கையால் ஒதுக்கினான். “சேவியர்னு ஒரு பையன், ராமநாதபுரம். காண்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போனான். போனதும் முதல் வேலையா உனக்குப் போன் பண்றேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான். ஏழு மாசம் ஆச்சு. பேசலையா?”

பூங்கோதை அரிசிக்குள் கையை மூடித் திறந்தாள்.

“இல்லை” என்றாள்.

“பாவி. மறந்துட்டான்” என்றான் வீரபத்திரன். அதில் கோபம்கூட இல்லை. பல தடவை சொல்லித் தேய்ந்த வார்த்தையாக இருந்தது.

ஏர்போர்ட் கவுண்டரில் இருக்கும் சிலோன் பெண்ணைப் போய்ப் பாருங்கள் என்று எழுதிக் காட்டியதும் காசிராஜன்தான். மூன்றாம் நாள் பகலில் பூங்கோதை போனபோது தர்சினி எதையும் கேட்கவில்லை. அவள் கையை இழுத்துச் சோதனை மெஷினின் பள்ளத்தில் வைத்தாள். பச்சைப் பொட்டு மஞ்சளானது.

“சோதிக்கிற நேரம் இதுக்குக் காது கேக்காது. அஞ்சு நிமிசம். சொல்லுங்கோ.”

பூங்கோதை சொன்னாள். தர்சினி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். இதே கதையை எத்தனை பேர் சொல்லிக் கேட்டாளோ.

“வெளியேறின ஆள் திரும்ப வெளியேறேலாது, அக்கா. போறதுக்கு முதல்ல அவர் உள்ள இருக்கவேணும். உள்ள வராமலே உள்ள இருக்கிற ஆக்களுக்கு எங்களிட்ட ரெண்டே ரெண்டு படிவம்தான் இருக்கு. ஒண்டு, இஞ்ச செத்துப்போனவைக்கு.”

“இன்னொண்ணு?”

“இஞ்ச பிறந்தவைக்கு.”

பூங்கோதைக்கு விளங்கவில்லை.

“ரெண்டு வயசுக்குட்பட்ட பிள்ளையளுக்குத் தனிப் பட்டை இல்லை. தாயின்ர நெட்டிலதான் பிள்ளையும் இருக்கும். மடி இணைப்பு எண்டு சொல்லுறது. உங்களுக்கு நாப்பத்திமூண்டு வயசு, மெஷின் ஏத்துக்கொள்ளும். நேற்று இஞ்ச உங்களுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்திருக்கு எண்டு எழுதுறன்.”

“என்னம்மா சொல்றே? அவரு என் வீட்டுக்காரரு. ஆறடிக்குக் கொஞ்சந்தான் கம்மி.”

“மெஷின் உயரம் பார்க்காது, அக்கா. உங்கட பட்டைக்குப் பத்தடிக்குள்ள இன்னொரு நெஞ்சு துடிக்குதோ எண்டு மட்டும்தான் பார்க்கும். போற வழியில மனுசர் ஒருத்தரும் இல்லை, எல்லாம் கதவுகள். தனி சீட்டுக்கு நான் எழுதிவிடுறன்.” அவள் விரல் திரையில் ஓடியது. “இந்த வருசம் ஏழு பேரை அனுப்பிட்டன். தாய்மார் கிடைக்கிறதுதான் கஷ்டம்.”

“நீ மாட்டிக்க மாட்டியா?”

“மாட்டுப்படுற அண்டைக்குப் பார்ப்பம். களைச்சுப்போனன், அக்கா. இந்தக் கையாலதானே எல்லாருக்கும் பட்டை கட்டிவிடுறன்.” திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “தகப்பன் பேர்?”

“வீரபத்திரன்.”

மெஷின் கூவியது. தர்சினி உதட்டைக் கடித்தாள். “அவர் வெளியேறிப் பதினாலு மாசம். பிள்ளை நேற்றுப் பிறந்தது. கணக்கு உதைக்குது எண்டு நிக்குது. தகப்பன் பேர் தெரியாது எண்டுதான் போடவேணும். நீங்கள் கையெழுத்து வைக்கவேணும்.”

பூங்கோதை திரையைப் பார்த்தாள். பதினான்கு மாதமாகத் தெருவில் தலை குனியாமல் நடந்தவள் அவள். புருஷன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள், கேட்டுக்கொண்டாள். இது அவளுடைய கையெழுத்தில் அவளைப் பற்றியே இருக்கப்போகிற வரி. மஞ்சள் பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. விரலை வைத்து அழுத்தினாள்.

“இனி கவனமாக் கேளுங்கோ. அவர் உங்களுக்குக் கிட்ட வந்த நேரத்திலயிருந்துதான் இணைப்புத் தொடங்கும். அதுக்குப் பிறகு பத்தடிக்கு மேல அவர் விலகினால் பட்டை கத்தும். மூண்டு தரம் கத்தினால் பிள்ளை இல்லை எண்டு எழுதும். மடி இணைப்பு டேட்டாவைத் தின்னும், பார்த்துச் செலவழியுங்கோ. இடையில பேக் போடேலாது, போட்டால் மனுசர் வந்து பார்ப்பினம். பிறகு, விமானம் கிளம்பும் வரைக்கும் அவர் வாயே திறக்கக்கூடாது. பிறந்த பிள்ளை கதைக்காது.”

ஆறாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு விமானம். அவள் முன்னால் நடக்க, காசிராஜன் கொடுத்த சட்டையில் வீரபத்திரன் பின்னால் வந்தான். ஒவ்வொரு கதவும் திறந்தது. பதினான்கு மாதமாகத் திறக்காத கதவுகள் தனக்காக விரிவதை அவன் நின்று நின்று பார்த்தான். ஒரு கதவு அழகான பெண் குரலில் ஏதோ சொன்னது. குழந்தையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளவும் என்று பூங்கோதையின் போன் அதைத் தமிழாக்கிக் காட்டியது. அவனிடம் காட்டினாள். அவன் தாடிக்குள் சிரித்தான். அந்த ஆறு நாளில் அவன் சிரித்தது அப்போது மட்டும்தான்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுத்து மாறியது.

பூங்கோதை பட்டையைப் பார்த்தாள். நானூறு எம்பி மிச்சம். போனில் எல்லாவற்றையும் அணைத்தாள். சுவரோரமாக இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவன் கழிவறைக்குப் போனபோது அவள் வெளிச்சுவரை ஒட்டி நின்றாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைப் பார்த்தார்கள். முந்நூற்றிருபது. இருநூற்றைம்பது.

நான்கு மணி வாக்கில் நிலவரசி வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா கிடைத்த செய்தியை எழுத முடியாது. ‘வேலை முடிந்தது, வருகிறேன்’ என்று மட்டும்தான் பூங்கோதை அனுப்பியிருந்தாள். பழக்கத்தில் எடுத்துவிட்டாள். திரையில் மகளின் முகம் வந்தது. வீரபத்திரன் நாற்காலியோடு சாய்ந்து அதைப் பார்த்தான். வாய் திறந்துவிட்டது. பூங்கோதை சட்டென்று அழைப்பைத் துண்டித்தாள்.

நூற்றுத்தொண்ணூறு.

அவன் அவளைப் பார்த்தான். ஏன் என்று கை மட்டும் கேட்டது.

“டேட்டா போயிரும். நீங்களும் பேசிருவீங்க” என்றாள், பட்டைக் கையைக் கைப்பைக்குள் ஆழப் புதைத்துக்கொண்டு, மெல்ல. அவன் தலையாட்டினான், சரிதான் என்பதாக. அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சேவியர் பேசினாரு” என்றாள்.

அவன் திரும்பவில்லை.

“கடையில கூட்டமா இருந்துச்சு. புது நம்பர். அண்ணனோட வேலை பார்த்தவன், அண்ணன் எங்கயும் போகலை, அங்கதான் இருக்காருன்னாரு. எவளோடயோ இருந்துக்கிட்டு, ஆள் விட்டுச் சமாதானம் பேசுறீங்கன்னு நினைச்சேன். அவரை அங்கயே இருந்துக்கச் சொல்லுங்கன்னு சொல்லி வச்சுட்டேன். மூணு தடவை கூப்பிட்டாரு. அப்புறம் அந்த நம்பர் வராம பண்ணிட்டேன்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அவரு மறக்கலை. அவரைத் திட்டாதீங்க.”

வீரபத்திரன் எழுந்தான். பேச வழியில்லாத கோபம் காலில் இறங்கி, வேகமாக நடந்தான். பட்டை கத்தியது. சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் நின்றான். ஓரடி பின்னால் வந்தான், சத்தம் நின்றது. அந்த இடத்திலேயே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானங்களைப் பார்த்தபடி நின்றான். அவள் அசைந்தால் தூரம் கூடிவிடுமோ என்று பயந்து நாற்காலியிலேயே இறுகிக்கொண்டாள். முதுகு தெரிந்தது, சட்டை அவனுக்குச் சிறியது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே போனது.

ஏறும் வரிசை நகர்ந்தபோது முப்பத்தெட்டு எம்பி இருந்தது. கடைசிக் கதவும் திறந்தது. பணிப்பெண் அவனையும் டிக்கெட்டில் இருந்த ‘சிசு’ என்ற சொல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரச் சீட்டைக் கையால் காட்டிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் பட்டையில் பச்சை அணைந்தது. அதற்கப்புறம் அவன் பேசலாம். திருச்சி வரும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் திருச்சியில் இறங்கினார்கள். குடியேற்ற மேஜையில் இருந்த அதிகாரி அவள் தாளைப் பார்த்தார். ‘ஆண் சிசு, நான்கு நாள், பெயர் இடப்படவில்லை, தகப்பன் தெரியாது.’ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீரபத்திரனைப் பார்த்தார்.

“சல்மேராவா?”

“ஆமா சார்.”

“இந்த மாசம் மூணாவது குழந்தை” என்றார் சலிப்பாக. “உட்காருங்க ரெண்டு பேரும். அம்மா, விஷயத்தைச் சொல்லிடறேன். உள்ள விட்டுடுவேன். பேர் ஒரு வருஷத்துக்குள்ள வச்சாப் போதும். ஆனா எங்க பதிவுல உங்க வீட்டுக்காரர் சல்மேராவுல இருந்து கிளம்பி இன்னும் வந்து சேரலை, வழியில இருக்காரு. இவரு புது ஆள். பேங்க், லைசென்ஸ், ஓட்டு எதுவும் இவருக்குக் கிடையாது. ஏழு வருஷம் போனா பழையவரு இறந்ததா எழுதிடும்.”

“அதுக்கு என்ன செய்யணும் சார்?”

“காணலைன்னு புகார் இருந்தா, தேடிக் கிடைச்சார்னு முடிக்கலாம். ரெண்டு வருஷம் இழுக்கும். பழைய புகார் ஏதாவது குடுத்திருக்கீங்களா?”

“இல்லை சார்.”

“பதினாலு மாசம் ஆச்சேம்மா? ஏன் குடுக்கலைன்னு ஒரு கேள்வி இருக்கு. காரணம் எழுதணும். தெரியாமப் போச்சுன்னு போட்டுடட்டுமா?”

பக்கத்து நாற்காலியில் வீரபத்திரன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“வேண்டாம் சார். தெரிஞ்சுது. நான் தேடலைன்னு போடுங்க” என்றாள் பூங்கோதை. “இப்பத் தேடுறேன்னு எழுதிக்குங்க.”

அதிகாரி விசைப்பலகையை இழுத்துக்கொண்டார்.

“காணாமல்போனவர் பெயர்?”

“வீரபத்திரன்.”

“நிறம்?”

“மாநிறம்.”

“அங்க அடையாளம்?”

அவளுக்குத் தெரிந்த அடையாளம் வலது புருவத்துத் தழும்பு. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது. நெடுநேரம் பேசாததால் கரகரப்பாக இருந்தது.

“இடது கைச் சுண்டுவிரல்ல நகம் கிடையாது” என்றான் வீரபத்திரன். “குளிர்ல போயிருச்சு.”

பூங்கோதை அந்த விரலைப் பார்த்தாள். ஆறு நாளில் அவள் அதைக் கவனித்திருக்கவில்லை.

அதிகாரி தட்டினார். “உயரம்?”

“அஞ்சடி பத்தங்குலம்” என்றாள்.

அதிகாரி தலையைத் தூக்கி, கூன் விழுந்து உட்கார்ந்திருந்தவனைச் சந்தேகமாகப் பார்த்தார். வீரபத்திரன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். அவளுக்குப் பக்கத்திலேயே, முதுகை நிமிர்த்தி நின்றான்.